உன் அக்கா அங்கே இல்லை

அன்புள்ள ஜோயல்,

எப்போதும் ஸ்தோத்திரம் சொல்லித்தான் உனக்கு எழுதத் தொடங்குவேன். இன்று அந்த வார்த்தையைப் போடக் கை வரவில்லை. பதறாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை மாத்திரையை விடாமல்தான் போடுகிறேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன். உன் முகம் தெரிந்ததும், "சாப்பிட்டியாப்பா, அங்க குளிரு எப்படி இருக்கு" என்று எதையோ கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. ஹெப்சி மாசமாக இருக்கிற பெண், அவளிடம் எப்போது காட்டுவது, காட்டுவதா வேண்டாமா என்பதை நீயே பார்த்துக்கொள்.

போன ஞாயிறு நீங்கள் இருவரும் ஒஹாயோவில் ஒரு பழைய கற்கோயிலைப் பார்க்கப் போயிருந்தீர்கள். "அப்பா, இதுவும் மெதடிஸ்ட் கோயில்தாம்ப்பா. சுண்ணாம்புக்கல்லுல கட்டினது, பாருங்க" என்று போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினாய். அந்த மண்ணின் மக்களான வயண்டாட் ஜனங்களுடைய கோயில் என்றாய். முதலில் அவர்களிடம் நடந்தே போய்ச் சேர்ந்தவர் ஒரு கறுப்பர், பாட்டுப் பாடித்தான் அவர்களைக் கேட்க வைத்தார், பிறகு அவர்களுடைய தலைவர்களே எழுந்து பிரசங்கம் செய்தார்கள், சொந்தப் பாஷையில் ஜெபித்தார்கள் என்றெல்லாம் சொன்னாய். எனக்கு நம் பழைய ஓட்டுக்கோயில் ஞாபகம் வந்துவிட்டது. அங்கேயும் அப்படித்தானே. மாதத்தில் ஒரு ஞாயிறு அரியலூரிலிருந்து போதகர் வருவார். மற்ற ஞாயிறுகளில் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்த உன் அப்பன்தான் உபதேசி, செயலாளர், மணி அடிப்பவன் எல்லாம்.

அப்புறம் நீ சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. அரசாங்கம் அந்த ஜனங்களின் நிலத்தை வாங்கிக்கொண்டு அவர்களை மேற்கே அனுப்பிவிட்டது. கிளம்புவதற்கு முன்னால் கோயிலில் கடைசி ஆராதனை நடத்தினார்கள். கல்லறைகளுக்குப் பூ வைத்தார்கள். கோயிலையும் கல்லறைத் தோட்டத்தையும் மிஷன் கையில் ஒப்படைத்துவிட்டு அழுதுகொண்டே போனார்கள். "போயி நூத்தி எண்பது வருஷம் ஆச்சுப்பா, கல்லறை அப்படியே இருக்கு" என்றாய். அந்த வேகத்திலேயே, பிறக்கப்போவது பெண் என்றால் கிருபா என்று பெயர் வைக்கப் போவதாகவும், கிறிஸ்துமஸுக்கு வந்து நம் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, நேராக அக்கா கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்றும் சொன்னாய். நான் "சரிப்பா" என்றேன்.

சரி இல்லை. புதுக் கல்லறைத் தோட்டத்தில் உன் அம்மாவுக்குப் பக்கத்தில் கிருபா என்று எழுதிய சின்னக் கல் இருக்கிறது அல்லவா? அதற்குக் கீழே உன் அக்கா இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. இதை உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். உன்னையும் அந்தக் கல் முன்னால் நிறுத்த என்னால் ஆகாது.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். அந்தக் காலத்தில் நம் சபையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஞானஸ்நானம் வாங்காமல் செத்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது, அடக்கப் பதிவேட்டில் பெயரும் கிடையாது. யார் எழுதி வைத்தார்கள் என்று நான் கேட்டதில்லை. எனக்கு முன்னால் இருந்த செயலாளர் அப்படிச் செய்தார், நானும் செய்தேன். எனக்கு எதிலும் விதி வேண்டும். "இவரு ஒரு பஸ்ஸும் ஓட்டுறதில்ல, ஆனா எல்லா பஸ்ஸும் இவரைக் கேட்டுட்டுத்தான் போவணும்" என்று உன் அம்மா கிண்டல் செய்வாள். நானும் சிரிப்பேன், உள்ளே பெருமையாகத்தான் இருக்கும்.

கொத்தனார் மாசிலாமணியை உனக்குத் தெரியும். அவருடைய தலைச்சன் பையன் பிறந்து ஐந்தாம் நாள் போய்விட்டான். துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தெருவே பார்க்க, கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றார். சாவி என் இடுப்பில் இருந்தது. "அண்ணே, ஒரு முழம் இடம்ணே. ஓரமா வெச்சிக்கிறேன்" என்றார். நான் பதிவேட்டை விரித்துக் காட்டி, "எனக்கு மட்டும் கல்லு மனசா மாசிலாமணி? சபைக் கட்டுப்பாடு இருக்கே" என்றேன். அவர் துணியை இழுத்து மூடிக்கொண்டு திரும்பி நடந்தார். ஏரிக்கரையில் கொண்டுபோய் வைத்தார். அடுத்த ஞாயிறு நான் பிரசங்கம் பண்ணினேன், அவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்.

இரண்டு வருஷம் கழித்து உன் அக்கா பிறந்தாள். ஏழாம் மாசத்திலேயே பிறந்துவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று கொடுத்துவிட்டார்கள். ஒன்பதாம் நாள் காலையிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்தது. போதகருக்கு ஆள் அனுப்ப வேண்டும். அப்போது ஊரில் போன் ஏது? ஏழரை வண்டிக் கண்டக்டரிடம் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். போதகர் ஏதோ கூட்டத்துக்குத் திருச்சி போயிருக்கிறார், மத்தியானம் திரும்பிவிடுவார் என்று பத்தேகால் வண்டியில் பதில் வந்தது.

உன் அம்மா சிறுவாச்சூர்ப் பெண். காளியம்மனுக்குப் பொங்கல் வைத்து வளர்ந்தவள். இருபது வயதில் நம் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டுதான் என்னைக் கட்டினாள். வழிவழியாகச் சபையில் இருந்த எங்களைவிட அவளுக்குத்தான் அந்தத் தண்ணீரில் நம்பிக்கை அதிகம். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "நீங்களே ஊத்துங்க" என்றாள். "ஞாயித்துக்கிழமையானா நீங்கதானே ஏறி நின்னு பேசுறீங்க? ஒரு கை தண்ணிய ஊத்தி, பேரைச் சொல்லுங்க. எங்கிருந்தோ வந்த எனக்கே ஊத்துனாங்க, உங்க ரத்தத்துக்கு ஊத்த மாட்டீங்களா?" என்றாள். செம்பில் தண்ணீரும் மொண்டு வைத்திருந்தாள். "அது எனக்கு அதிகாரம் இல்லாத வேலை. போதகர் மூணேகால் வண்டில வந்துருவாரு, கொஞ்சம் பொறு" என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டேன். வீட்டில் இருந்தால் அவள் திரும்பவும் கேட்பாள் என்ற பயம்தான். வேறென்ன?

ஒன்றே முக்கால் வண்டி வந்தது, அவர் இல்லை. இரண்டரை வண்டி வந்தது, இல்லை. மூன்றேகால் வண்டி பத்து நிமிஷம் தாமதம். அந்த டிரைவர் பேரில் ரிப்போர்ட் எழுத வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். என் பிள்ளை அங்கே சாகிறாள், நான் இங்கே ரிப்போர்ட் எழுத நினைக்கிறேன் ஜோயல்! அந்த வண்டியிலும் அவர் வரவில்லை. வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா அழவில்லை. "போயிட்டா" என்று மட்டும் சொன்னாள். செம்பு வைத்த இடத்திலேயே இருந்தது. ஊர் முழுக்கக் கடலைக் கொல்லையில் கடலை பிடுங்கப் போயிருந்தது, தெருவில் ஓர் ஆள் இல்லை. ஏரிக்கரைக்குத்தான் கொண்டுபோகக் கிளம்பினேன். கால் போகவில்லை. கல்லறைத் தோட்டத்துப் பூட்டைத் திறந்து, மேற்கு மூலையில் கள்ளிவேலி ஓரம் நானே குழி வெட்டி உன் அக்காவை வைத்தேன். சிறுவாச்சூரில் மாமனார் காட்டில் வைத்துவிட்டு வந்தோம் என்று ஊருக்குச் சொன்னேன்.

நாலு நாள் கழித்துப் போதகர் துக்கம் விசாரிக்க வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஏங்க, இப்பேர்ப்பட்ட அவசரத்துல நீங்களே தண்ணி ஊத்தியிருக்கலாமே. விசுவாசி யாரு வேணும்னாலும் செய்யலாமே. இது உங்களுக்குத் தெரியாதா?" என்றார். சத்தியமாக எனக்குத் தெரியாது. இத்தனை பிரசங்கம் பண்ணியவன் அதை ஒருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. உன் அம்மா டீயோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள், அவள் காதில் விழுந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். இரண்டு மாசம் என்னோடு பேசவில்லை. ஆனால் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்பதை வெளியில் யாரிடமும் சொல்லாமல் எனக்காகக் காப்பாற்றினாள். நாலு வருஷம் கழித்து நீ பிறந்தாய். உனக்கு விவரம் தெரிந்ததும் கல்லறைத் திருநாளில் உன்னைக் கூட்டிக்கொண்டு போய், "அக்காவுக்குப் பூ வைடா, வெளிய சொல்லக்கூடாது" என்பாள். நீயும் சொன்னதில்லை.

நீ கிளம்பி அமெரிக்கா போன மறு வருஷம், கோயிலும் கல்லறைத் தோட்டமும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் வந்துவிட்டன. நம் தெரு மொத்தத்துக்கும் மெயின் ரோட்டோரம் வேறு இடம், புதுக் கோயில், புதுக் கல்லறைத் தோட்டம். பழைய கல்லறைகளைத் தோண்டிப் பெட்டியில் எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பட்டியல் கேட்டார்கள். பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் எழுதியது நான். கிருபா பெயர் பதிவேட்டில் இல்லை, அதனால் பட்டியலிலும் இல்லை. அப்போது வந்திருந்த சின்ன வயசுப் போதகர், "இனிமே ஞானஸ்நானம் வாங்கின பிள்ளை, வாங்காத பிள்ளைன்னு பிரிக்க வேணாம். வெளியில வெச்சவங்களும் கொண்டாந்து வைங்க" என்று ஆராதனையிலேயே சொல்லிவிட்டார். மாசிலாமணி எழுந்து நின்று கும்பிட்டார். அப்போதாவது நானும் எழுந்திருக்க வேண்டுமா இல்லையா? என் பிள்ளை உள்ளேதான் இருக்கிறாள், உங்கள் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு என் பிள்ளையைத் திருட்டுத்தனமாக உள்ளே வைத்தேன் என்று சொல்ல வேண்டுமா இல்லையா? நான் பாட்டு எண்ணை அறிவித்தேன்.

தோண்டுகிற வேலை மூன்று நாள் நடந்தது. உன் அம்மா அந்த வாரம் பெரம்பலூரில் கண் ஆபரேஷனுக்காக உன் சித்தி வீட்டில் இருந்தாள். போகும்போதே, "பாப்பாவை மறந்துடாதீங்க" என்றாள். வேலையைப் பார்த்துக்கொண்டவர் லப்பைக்குடிக்காட்டு ரஹீம் பாய். சவுதியில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்து காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்தவர். ஒவ்வொரு பெட்டியையும் அவரே கை கொடுத்துத் தூக்கினார். மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லார் முன்னாலும் கேட்டார். "மௌத்தானவங்க விஷயம், பாத்துக்கிடுங்க. லிஸ்ட்ல இல்லாதது எதுனாச்சும் இருந்தாலும் சொல்லிடுங்க, எடுத்துத் தந்துர்றேன்." மாசிலாமணி என் பக்கத்திலேயே நின்றார். நான், "அவ்வளவுதாங்க, முடிஞ்சுது" என்றேன். மறுநாள் இடத்தைத் தோண்டிப் போடும் மிஷின் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரித்து வைத்துக்கொண்டேன். பத்து மணி என்றார்கள். விடிந்ததும் தனியாகப் போய், ஒருத்தருக்கும் தெரியாமல் நானே எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு.

ஆறரைக்கு மண்வெட்டியும் சாக்குமாகப் போனேன். வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்கலாம் என்று மிஷின் ஆறு மணிக்கே வந்துவிட்டதாம். மேற்கு மூலையில் கள்ளிவேலி இல்லை. மூலையும் இல்லை. நான் கத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்து ஆபரேட்டர் நிறுத்தினான். ரஹீம் பாய் ஓடி வந்தார். "என் பிள்ளை, என் பிள்ளை இங்கதாங்க இருந்தா" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "நேத்து கேட்டேனேங்க..." என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அப்புறம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு என்னோடு மண்மேட்டில் உட்கார்ந்து கையாலேயே தேட ஆரம்பித்தார். உனக்குத்தான் தெரியுமே, நம் மண்ணில் கையளவு தோண்டினால் பழைய கடல் கிளிஞ்சல்தான் கிடைக்கும். நீகூடப் பொறுக்கிக்கொண்டு வந்து ஜன்னலில் அடுக்கி வைப்பாய். வெள்ளையாக எது தட்டுப்பட்டாலும் எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். கிளிஞ்சல். மறுபடியும் கிளிஞ்சல். ஒன்பது நாள் பிள்ளை, அத்தனை வருஷம் ஆகிவிட்டது, என்னதான் மிஞ்சியிருக்கும்? இரண்டு மணி நேரம் தேடினோம். "மண்ணா ஒரு பிடி எடுத்துக்கிடுங்க, இதுலதான் எங்கயாச்சும் இருக்கும்" என்றார். அள்ளினேன். அது எந்தப் பக்கத்து மண் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் உன் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பாப்பாவை எடுத்துட்டீங்களா?" எடுத்துவிட்டேன் என்றேன். ஒன்றரை அடிக்கு ஒரு பெட்டி செய்யச் சொல்லி, அந்த மண்ணைப் போட்டு ஆணி அடித்தேன். சிறுவாச்சூரிலிருந்து கொண்டுவந்ததாகச் சபைக்குச் சொன்னேன். மாசிலாமணி தன் பிள்ளையை ஏரிக்கரையிலிருந்து ஒரு கலயத்தில் எடுத்து வந்திருந்தார். இரண்டு குழிக்கும் ஒரே ஜெபம். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ரெண்டு பேரு பிள்ளைங்களும் வந்து சேந்துட்டாங்கண்ணே" என்று விம்மினார். நானும் அழுதேன். என் அழுகையை அவர் வேறாக நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஆறு வருஷம், ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் உன் அம்மா அந்தக் கல்லிடம் போவாள். புல் பிடுங்குவாள், உன்னைப் பற்றிச் சொல்வாள், ஹெப்சியைப் பற்றிச் சொல்வாள். சொல்லிவிடு சொல்லிவிடு என்று மனது அடித்துக்கொள்ளும். அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிடுவேன். போன பங்குனியில் அவள் படுத்த படுக்கையானபோது கேட்டது ஒன்றே ஒன்றுதான், தன்னைப் பிள்ளை பக்கத்தில் வைக்க வேண்டும். நீ விமானம் ஏறிவிட்டாய், வந்து சேரவில்லை. அன்று காலையில் என் கையைப் பிடித்து, "உங்க மேல எனக்கு ஒரு வருத்தம் இருந்துச்சுங்க, ஊத்தாம போயிட்டீங்களேன்னு. ஆனா பெத்தவரா நின்னு அவளைத் தூக்கியாந்து வெச்சீங்க பாருங்க, அதோட அது போச்சு" என்றாள். நான் தலையை ஆட்டினேன். மன்னிப்பையும் இப்படித் திருடித்தான் வாங்கினேன்.

உனக்கு நான் புத்தி சொல்லும் யோக்கியதை இல்லாதவன். ஆனாலும் அப்பன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிள்ளை பிறந்ததும் கிறிஸ்துமஸ் வரட்டும், நம்ம ஊர்க் கோயில் வரட்டும் என்று எனக்காகக் காத்திருக்காதே. அங்கேயே கொடு. ஹெப்சி எதையாவது கெஞ்சிக் கேட்டால், விதி என்ன சொல்கிறது என்று தேடப் போகாதே, முதலில் அவள் பக்கத்தில் உட்கார். தெரியாததைத் தெரியாது என்று யாரிடமாவது கேள். கிருபா என்ற பெயரை வை, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியைப் போதகரிடம் கொடுத்துவிட்டேன். வருகிற ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாசிலாமணிக்கு நான் தனியாகச் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். அன்று அவரை எல்லார் கண் முன்னாலும் நிறுத்தினேன், இன்று நானும் எல்லார் முன்னாலும்தான் நிற்க வேண்டும். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

இனி உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் அம்மா அங்கே தனியாகத்தான் படுத்திருக்கிறாள், பக்கத்தில் பிள்ளை இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டு. என் காலம் முடிந்ததும் செயலாளர் என்று கல்லறைத் தோட்டத்து முன்வரிசையில் எனக்கு ஓர் இடம் தருவார்கள். அது வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்தச் சின்னக் கல்லைப் பெயர்த்து, பெட்டியை எடுத்து, மண்ணை ஓரமாகக் கொட்டிவிட்டு என்னை அங்கே வை. அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஒன்றரை அடிக் குழி, ஆளுக்குப் பத்தாது. கொஞ்சம் நீளமாக வெட்டச் சொல்லு, அவள் பக்கம் இடிக்காமல்.

அப்பா